22 வீட்டுக்குப் பலகாரம், அம்மாவுக்கு 26ஆம் தேதி

கேள்வி: நாகர்கோவிலில் வங்கியில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸை நினைத்து அழுகை வருகிறது. வெள்ளையடிப்பு, குடில், நடுராத்திரியில் வரும் கேரல் குழுவுக்குக் காப்பி, 22 வீடுகளுக்குப் பலகாரம். கணவர் சொன்னால் செய்வார். கருங்கல் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை 26ஆம் தேதிதான் பார்க்க முடிகிறது. பூசையில்கூட மனம் ஒட்டவில்லை. என்ன செய்வது?

பதில்: முந்திரிக்கொத்து என்ற பலகாரத்துக்கு மட்டும் உங்கள் நீண்ட கடிதத்தில் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பாசிப்பயறு வறுத்துத் திரித்து, உருட்டி, மூன்று மூன்றாக மாவில் முக்கிச் சுட்டு முடிக்க ராத்திரி ஒரு மணியாம். பாகு வேறு பதம் தப்பிவிடுகிறதாம். அம்மாவுக்கு ஒரே வரி.

25ஆம் தேதி மத்தியானம் அந்த அம்மா என்ன சாப்பிடுகிறார், யாரோடு சாப்பிடுகிறார்? நீங்கள் எழுதவில்லை. கேட்டதே இல்லை என்றுதான் நினைக்கிறேன். கருங்கல் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? உங்கள் 22 டப்பாக்களின் கதை நமக்குத் தெரியாததா? இந்த வீட்டு அச்சுமுறுக்கு அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுக் கேக் அடுத்த தெருவுக்கு. நீங்கள் சுட்டதே சுற்றி உங்களிடம் வந்தாலும் அடையாளம் தெரியாது.

ஓய்வெடுங்கள் என்று சொல்லமாட்டேன். பெற்றவளைத் தனியே உட்காரவைத்துவிட்டுப் பூசையில் மனம் எப்படி ஒட்டும்? கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கிறிஸ்துமஸ் புகுந்த வீட்டில்தான், பெற்றவர்கள் மறுநாள் மிச்சத்துக்கு என்கிற கணக்கை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பெற்றோரைப் பார்ப்பது மகனுக்கு மட்டும் எழுதிவைத்த கடமையா?

இந்த வருடம் ஐந்து வீட்டுக்குச் சுடுங்கள், போதும். மற்றவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஜனவரி முதல் வாரம், மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நாள் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் இயேசுவின் பிறப்புக்குக் காத்திருக்க உள்ளவை. பூசை வைக்கும் சாமியார் ஊதா உடுப்பில் நிற்பது அதற்குத்தான். அதை எண்ணெய்ச் சட்டிக்கான காலமாக்கியது நாம்தான். அப்புறம், கேரல் காப்பியைக் கணவர் போடட்டும். சொன்னால் செய்ய அவர் என்ன விருந்தாளியா?

20ஆம் தேதியே அம்மாவை அழைத்து வந்துவிடுங்கள். மருமகன் வீட்டில் எப்படித் தங்குவது என்று இழுப்பார். பாகுப் பதம் பார்க்க ஆளில்லை என்று சொல்லுங்கள். பையோடு வாசலில் நிற்பார்.