பட்டறை அண்ணாச்சி பதில்கள்: ஐயாயிரம் ரூபாயில் வீட்டுப் பட்டறை

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் 33 வருஷமாக டூவீலர் பட்டறை நடத்தும் அண்ணாச்சி, வீட்டுக்கு வேண்டிய டூல்ஸ் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, புது வீட்டு வாசலில் ஷெட் போட்டிருக்கேன். ஸ்ப்ளெண்டர் ஒன்று, பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் ஒன்று. ஆயில் மாத்துறது, செயின் டைட் வைக்கிறது, பிளக் கழட்டுறது எல்லாம் நானே செய்ய ஆசை. கையில் 5,000 ரூபாய் இருக்கு. நூறு சாமானுக்கு மேல் உள்ள பெட்டி ஒன்று ஆன்லைனில் அதே விலைக்கு வருது. வாங்கலாமா?
*வாசகர், வள்ளியூர்*

வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்க, பாதிக்கு மேல ஸ்க்ரூ டிரைவர் முனையும் குட்டி சாக்கெட்டுமாத்தான் இருக்கும். உங்க ரெண்டு வண்டியிலயும் நீங்க கை வைக்கப்போற நட்டு முக்கால்வாசி 8, 10, 12, 14, 17 நம்பர், அதாவது நட்டுத் தலையோட அகலம் மில்லிமீட்டர்ல. இந்த அஞ்சு நம்பரை நல்லதா வாங்கினாலே பட்டறை பாதி வந்தாச்சு.

கடைக்குப் போறதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டும் பேனாவுமா வண்டி பக்கத்துல உக்காருங்க. எந்த வேலையை நீங்க செய்யப்போறீங்க, அதுக்கு எந்த நட்டைக் கழட்டணும், அது என்ன நம்பர்னு எழுதுங்க. ஸ்ப்ளெண்டர்ல ஆயில் இறக்குத போல்ட் 17, பிளக்குக்கு 16. எக்ஸ்எல் பிளக்குக்கு 21. இப்படி எழுதி முடிச்சா ஒரு பக்கம் கூட நிறையாது. அந்தச் சீட்டுதான் உங்களுக்கு லிஸ்ட்.

எங்கிட்ட வேலை கத்துக்கிட வர்ற பையங்களுக்கு முதல் நாளே என் வலது கை நடுவிரல் முட்டியைக் காட்டுவேன். பட்டறை ஆரம்பிச்ச புதுசுல ஒரு சிடி 100 வந்துது. சைலன்சர் நட்டு 10 நம்பர். சந்தையில 12 ரூவாய்க்கு வாங்கின, ரெண்டு பக்கமும் வாய் உள்ள டி.இ. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். ஸ்பேனர் வாய் ஒரு நூலிழை அகலம், அவ்வளவுதான். நட்டோட மூலை அத்தனையும் மழுங்கி உருண்டையாயிட்டு. கை வழுக்கிப்போய் இன்ஜின் ஃபின்ல அடிச்சு மூணு தையல். உளி வச்சு நட்டை எடுக்கப்போக, நட்டு மாட்டுத தண்டான ஸ்டட் உள்ளயே முறிஞ்சு, ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் கொண்டுபோய் 150 ரூவா கொடுத்து எடுத்தேன். நட்டைப் பிடிக்குத சாமான்ல காசு மிச்சம் பிடிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு வச்ச உறுதி, இன்னை வரைக்கும் மாத்தல.

அதனால உங்க பணத்துல பாதியை ஸ்பேனருக்கு ஒதுக்குங்க. ஒரு பக்கம் வாயும் மறுபக்கம் ரிங்குமா உள்ள காம்பினேஷன் ஸ்பேனரைத் தனித்தனியா எடுங்க. 14, 17 ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு வேணும், ஒரு பக்கம் போல்ட்டைப் பிடிச்சாத்தானே மறுபக்கம் நட்டு கழலும்? இறுக்கமான நட்டுல ரிங் பக்கத்தை மட்டும் போடுங்க. வாய்ப் பக்கம் நட்டை ரெண்டு முகத்துலதான் பிடிக்கும், ரிங் சுத்திவரப் பிடிக்கும். அடுத்தது டி எழுத்து மாதிரி கைப்பிடி உள்ள டி ஸ்பேனர் 8, 10, 12. நட்டு மேல தொப்பி மாதிரி மாட்டுத சாக்கெட் வாங்கினா உள்ளே ஆறு மூலை உள்ளதா பாருங்க. பன்னெண்டு மூலை சீக்கிரம் மாட்டும், ஆனா மழுங்கின நட்டுல வழுக்கிரும். சாக்கெட்டை மாட்டித் திருப்புத பல்லுள்ள கைப்பிடிதான் ராட்செட், அதைக் கையில சுத்திப் பாருங்க. 24 பல்லுன்னா ஒவ்வொரு தடவையும் 15 டிகிரி அசைக்கணும், 72 பல்லுன்னா 5 டிகிரி போதும். சந்துக்குள்ள வேலை பாக்கும்போது இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

ஜங்ஷன் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போனா சட்டைப்பையில 10, 12 நட்டு ரெண்டைப் போட்டுக்கிட்டுப் போங்க. ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா திருப்பிக் கொடுத்துருங்க, கடைக்காரர் கோவிக்க மாட்டார். குரோம் வனேடியம்னு (அது உறுதியான எஃகு வகை) அச்சு தெளிவா விழுந்திருக்கணும். தபாரியா 1969-ல இருந்து டூல்ஸ் செய்யுத கம்பெனி, எங்கிட்ட அவங்க ஸ்பேனர் இருபது வருஷம் தாண்டி ஓடுது. ஆனா நல்ல பேர்ல போலியும் வரும். பேரை விட அச்சையும் வாயோட பிடியையும் நம்புங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம் தம்பி. 10 நம்பர் தலை உள்ள போல்ட்டுக்குத் தண்டு 6 மி.மீ. தான். அதுக்கு வேண்டிய இறுக்கம், ஒரு மீட்டர் கம்பியோட நுனியில ஒரு கிலோ தொங்கவிட்ட அளவு. நீளமான ராட்செட்டால முறுக்கினா அலுமினியத்துல உள்ள மரை அப்படியே கையோட வந்துரும். ஸ்பேனரை நடுவுல பிடிச்சு, உங்க பக்கமா இழுத்து இறுக்குங்க. தள்ளாதீங்க. தள்ளித்தான் என் கை கிழிஞ்சுது.

மிச்சத்துல நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, இம்பாக்ட் டிரைவர் ஒண்ணு, கட்டிங் பிளேயர், அரைக் கிலோ சுத்தியல். ஜப்பான் டிசைன்ல வந்த வண்டிகள்ல ஸ்டார் ஸ்க்ரூ தலையில சிலதுல சின்னப் புள்ளி ஒண்ணு இருக்கும். நம்ம கடைகள்ல விக்குத சாதா ஸ்டார் முனை அதுல முழுசா உக்காராது, ரெண்டு தடவை வழுக்கினா தலை போச்சு. அதுக்குத்தான் சுத்தியலால அடிச்சுத் திருப்புத இம்பாக்ட் டிரைவர். இவ்வளவும் வாங்கி ஆயிரம் ரூவா கையில மிச்சம் வையுங்க. மூணு மாசம் வேலை பாத்த பிறகு என்ன இல்லைன்னு உங்களுக்கே தெரியும், அப்ப அதை வாங்குங்க.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. எந்த டூல் வாங்கினாலும் ஒரு வருஷத்தில் துரு ஏறிவிடுகிறது. என்ன செய்ய?
*வாசகர், உவரி*

2023 டிசம்பர் 17, 18-ஐ நம்ம பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ள வந்து நின்னா. எங்க பட்டறை ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்துது. மூணாம் நாள் ஷட்டரைத் தூக்கினா முழங்கால் அளவு சேறு. டிராயரை இழுக்கேன், செந்தண்ணியா வடியுது. உக்காந்து அழுதுட்டேன். பிறகு ஒவ்வொண்ணா கழுவி, ராத்திரி முழுக்க டீசல்ல போட்டு, கம்பி பிரஷ்ஷால தேச்சு, வெயில்ல காயவச்சு, ஆயில் துடைச்சேன். அடிச்சு உருவாக்கின நல்ல ஸ்பேனர் அத்தனையும் திரும்பி வந்துட்டு. மலிவா வாங்கின சாக்கெட் செட்டுல மேல்பூச்சு மீன் செதில் மாதிரி உரிஞ்சு விரலை அறுத்துது, அவ்வளவையும் பழைய இரும்புக்குப் போட்டேன்.

உங்க ஊர்ல உப்புக் காத்துதான் எதிரி. உப்பு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும். வேலை முடிஞ்சதும் காஞ்ச துணியால துடைச்சு, ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயிலைத் துணியில விட்டு ஒரு தடவு தடவுங்க. துரு இளகத் தெளிக்குத ஸ்ப்ரே இளக்கத்துக்கு நல்லது, நாள்பட நிக்காது. சாமானைச் சிமெண்டுத் தரையிலயும் சாக்குக்குள்ளயும் போடாதீங்க. செருப்பு டப்பாவுக்குள்ள வர்ற சிலிகா ஜெல் பொட்டலத்தைச் சேத்துவச்சுப் பெட்டிக்குள்ள போடுங்க. யூரியா, பொட்டாஷ் மூட்டை பக்கத்துலயும், சார்ஜ் போடுத பேட்டரி பக்கத்துலயும் டூல்ஸ் வைக்கவே கூடாது. அம்பாசமுத்திரம் பக்கம் இருந்து வர்ற விவசாயிகள் ஸ்பேனர்ல பாதித் துரு உர ரூமுலதான் ஏறினது.

கார் டயர் மாத்தவும் அடியில் பார்க்கவும் ஜாக் வாங்கணும். வீட்டு முற்றம் செம்மணல், ஜாக் புதையுது. ஹாலோ பிளாக் அடுக்கிக்கலாமா?
*வாசகர், திசையன்விளை*

அடுக்கவே கூடாது, ஐயா. ஹாலோ பிளாக் விரிசல் காட்டிட்டு உடையாது, ஒரே நொடியில பொடியாயிரும். கார்ல வர்ற ஜாக் டயர் மாத்த மட்டும். ஹைட்ராலிக் ஜாக்குல உள்ள சீல் கசிஞ்சா வண்டி மெல்ல இறங்கும், சட்டுனும் இறங்கும். அடியில தலையைக் கொடுக்கணும்னா தூக்கின வண்டியைத் தாங்கி நிக்குத ஜாக் ஸ்டாண்டு ரெண்டு இல்லாம கொடுக்காதீங்க. பணம் பத்தலைன்னா மத்த எல்லாத்தையும் தள்ளிவச்சு ஸ்டாண்டை முதல்ல வாங்குங்க.

மணலுக்கு ரெண்டு இஞ்ச் கனத்துல வேம்பு இல்லைன்னா வாகைப் பலகை, ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி, ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் தனித்தனியா. பனங்கை போடாதீங்க, நார் போற போக்குல பிளந்துரும். கியர் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, தூக்காத சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வச்சு, வீல் நட்டைத் தரையிலயே இளக்கிட்டுப் பிறகு தூக்குங்க.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். எனக்கு எவ்வளவு டூல் போதும்?
*வாசகி, பாளையங்கோட்டை*

டீச்சரம்மா, நல்ல காத்து மீட்டர் ஒண்ணும் காலால மிதிக்குத பம்பு ஒண்ணும் போதும். காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னால, டயர் குளுந்திருக்கும்போது பாருங்க. எவ்வளவு வேணும்னு வண்டி ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். மிச்சத்தை எங்களை மாதிரி ஆளுங்க பாத்துக்கிடுவோம்.

பழைய இரும்புக் கடையில் ஒரு வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) கிடக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், மேலப்பாளையம்*

வாங்குங்க. பேட்டை ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் படிக்கும்போது மாசக்கணக்கா வைஸ் முன்னால நின்னு அரம் தேச்சவன் நான். பழைய வார்ப்பு வைஸ் நல்லதா அமைஞ்சா பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கும். ஒரு காயிதத்தை ரெண்டு தாடைக்கும் நடுவுல வச்சு மூடுங்க. இடது பக்கம் இழுத்தா வராம, வலது பக்கம் உருவிக்கிட்டு வந்தா தாடை கோணல். ஸ்க்ரூவை முழுசா வெளிய எடுத்து மரை கத்தி மாதிரி தேஞ்சிருக்கான்னு பாருங்க. வார்ப்புல வெல்டிங் தழும்பு இருந்தா தொடாதீங்க. துருவுக்குப் பயப்படாதீங்க, டீசல்ல ஊறப்போட்டா ரெண்டு நாள்ல ஸ்க்ரூ இளகிச் சுத்தும்.