வேப்பிலையா, ஓவியக் கல்லூரியா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தோட்டத்தில் உட்கார்ந்து மரம், காகம், ஆடு என்று பார்த்துப் பார்த்து வரைகிறாள். கவின்கலைக் கல்லூரியில் சேர்த்தால் இந்த இயல்பு கெட்டுவிடும் என்கிறார் என் அண்ணன். சேர்க்கலாமா?

பதில்: சேருங்கள். அதற்கு முன் ஒரு சோதனை. வேப்பிலை ஒன்றை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அநேகமாக இரு பக்கமும் சமமாக வரும். பிறகு ஓர் ஈர்க்கைக் கையில் கொடுத்து வரையச் சொல்லுங்கள். இலை அரிவாள்போல் வளைந்திருக்கும். விளிம்பில் பல் இருக்கும். காம்பருகே நடுநரம்பின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். இந்தக் கோணலை அவள் தானாகவே பிடித்துவிட்டால், தோட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஆனால் காகம் நமக்காகக் காத்திருக்காது. தலை திரும்பியதும் கோடு சரியா தவறா என்று ஒப்பிட வழியில்லை. வகுப்பில் வைக்கும் பிளாஸ்டர் தலை, அதாவது வெள்ளைச் சுண்ணச் சாந்தில் வார்த்த தலைச் சிலை, மூன்று நாளானாலும் அசையாது, ஒளியும் இடம் மாறாது. "காது கால் அங்குலம் இறங்கிவிட்டது" என்று ஆசிரியரால் அளந்து காட்ட முடியும். தோட்டம் இதைச் சொல்லித் தராது.

அண்ணனின் பயமும் பொய்யில்லை. இரண்டு வருடம் பிளாஸ்டரையே வரைந்துவிட்டு ஊருக்குப் போய் ஓர் ஆட்டை வரைந்தேன். சுண்ணாம்பு அடித்த ஆடாக வந்தது! மயிரின் சொரசொரப்பைக் கண் பார்த்தது, கை பழகிய வழுவழுப்பையே போட்டது.

டச்சு ஓவியர் வான்கோ 1880-இல், 27 வயதில், ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கியபோது பார்க் என்பவரின் பாடப் படங்களைப் பார்த்து வரைந்து பழகினார், வயல்வெளிக்கும் போனார். 1886-இல் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆசிரியர்களோடு ஒத்துப்போகாமல் சில வாரங்களிலேயே வெளியேறினார். ஆனாலும் 1890-இல் அதே பார்க் பாடங்களைத் திரும்பவும் எடுத்து வரைந்தார்.

கல்லூரி நாட்களிலும் தினம் அரைமணி நேரம் வெளியே வரையட்டும். 4பி பென்சில், சின்ன நோட்டு போதும். ரப்பரும் செல்போன் படமும் வேண்டாம். காகம் திரும்பினால் பக்கத்திலேயே அடுத்த நிலையைத் தொடங்கட்டும். பழைய நிலைக்கு அது வரும்போது முதல் படத்தைத் தொடரலாம்.

சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று. எங்கே போனாலும் சுவரில் மாட்டிய படங்களோடு திரும்பிவிடாதீர்கள். மாணவர்களின் ஸ்கெட்ச் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். பஸ் நிலையத்தில் தூங்குகிறவர், டீக்கடை பெஞ்சு, தெரு நாய் என்று பக்கங்கள் அழுக்காகியிருந்தால் அங்கே சேருங்கள்.