கீழே இறங்கப்போகும் கிளப்புக்கு நல்ல மேனேஜர் ஏன் வரவேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் உள்ளூர் கால்பந்து அணியைத் தவிர வேறு பேச்சு இல்லை. அணி கடைசி மூன்று இடங்களில் கிடக்கிறது. மேனேஜரை, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளரை, நீக்கிவிட்டார்கள், நீக்கப்பட்டவருக்கே பல மில்லியன் பவுண்டு போகிறதாம். "தோற்றவருக்கு எதற்கு இவ்வளவு பணம்? இப்படி ஒரு அணிக்கு நல்ல ஆள் யார் வருவார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இந்தப் பேச்சில் எப்படிக் கலந்துகொள்வது என்றும்.

நான் நியூகாசிலில் பல வருடங்களாக இருக்கிறேன். இங்கே கால்பந்து தெரியாமல் அக்கம்பக்கத்தாரோடு பழகுவது கஷ்டம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாம் கீழ் லீக்குக்கு இறங்கும் பயத்தில்தான் தொடங்குகிறது. உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் 20 அணிகள். சீசன் முடிவில் கடைசி மூன்றும் அதற்கு அடுத்த நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கும். இறங்கியதும் தொலைக்காட்சிப் பணம் பெருமளவு போய்விடும். 'பாராசூட்' என்று ஒரு உதவித்தொகை உண்டு. எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும் ஒளிபரப்புப் பங்கில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. மேலே ஒரே ஒரு சீசன் மட்டும் இருந்துவிட்டு இறங்கிய அணிக்கு அந்த மூன்றாம் வருடமும் கிடையாது. ஆனால் வீரர்களின் சம்பளம் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். எனவே பிப்ரவரி மாதம் உரிமையாளர் உட்கார்ந்து கணக்குப் போடும்போது, புது மேனேஜருக்குச் சில மில்லியன் கொடுப்பது பெரிய செலவாகவே தெரியாது. இறங்கினால் வரும் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு.

சரி, நீக்கப்பட்டவருக்கு ஏன் பணம்? நமக்கு வேலை போனால் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு முடிந்துவிடும். மேனேஜருடையது குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவரை எட்டாம் மாதம் அனுப்பினால், மீதி 28 மாதச் சம்பளமும் கிளப்பின் கடன்தான். "நீக்கினால் இவ்வளவுதான்" என்று ஒரு உச்சவரம்பு எழுதியிருந்தால் மட்டும் குறையும். சில ஒப்பந்தங்களில் அந்தப் பணத்தை மாதாமாதம் கொடுப்பார்கள். அவருக்கு வேறு வேலை கிடைத்ததும் அது நின்றுவிடும் அல்லது குறையும். நீக்கப்பட்ட சிலர் அடுத்த கிளப்புக்கு அவசரப்படாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொகைகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு இரண்டு உதாரணம். 2018-இல் அன்டோனியோ கோன்டேயை நீக்கிய செல்சி, அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்குமான இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 26.6 மில்லியன் பவுண்டு என்று தன் கணக்கறிக்கையில் காட்டியது. அதே வருடம் டிசம்பரில் ஜோசே மொரின்யோவையும் அவருடைய குழுவையும் அனுப்ப மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆன செலவு 19.6 மில்லியன். மறுபக்கமும் உண்டு. எங்கள் நியூகாசிலில் 2008-இல் மேனேஜர் கெவின் கீகன் தானாகவே விலகினார். தனக்குத் தெரியாமல், தன் விருப்பத்துக்கு எதிராக வீரரை எடுத்தார்கள் என்பது அவர் குறை. ஒப்பந்தத் தகராறை விசாரித்த நடுவர் மன்றம் 2009-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் ஒப்பந்தத்தில் இருந்த உச்சவரம்புப்படி 2 மில்லியன்தான் கிடைத்தது. ஒப்பந்தத்தின் ஒரு வரிக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள்.

ஆகவே அந்தச் சம்பளத்தை வேலைக்கான கூலியாக மட்டும் பார்த்தால் புரியாது. எந்த வாரமும் வேலை போகலாம் என்பதற்கான விலையும் அதில் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆஞ்ச் போஸ்டகாக்லுவை 39 நாளில் அனுப்பியது. 2023 மே மாதம் சாம் அலர்டைஸ் லீட்ஸுக்கு வந்தது மீதமிருந்த நான்கு ஆட்டங்களுக்காக மட்டும். அவருக்கு அரை மில்லியன் சம்பளம், இறங்காமல் காப்பாற்றினால் 2.5 மில்லியன் போனஸ் என்று அப்போது செய்திகள் வந்தன. லீட்ஸ் இறங்கிவிட்டது. (வரியும் உண்டு. 1,25,140 பவுண்டுக்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டிலும் 45 சதவீதம் வருமான வரி. அது உங்களுக்கும் அவருக்கும் ஒரே சட்டம்தான்.)

'காப்பாற்றினால் போனஸ்' என்ற ஏற்பாட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கிரிஸ்டல் பேலஸ் கதையைக் கேளுங்கள். 2013 நவம்பரில் டோனி பியூலிஸ் வந்தபோது அணி கடைசிக்கு அருகில் இருந்தது. சீசன் முடிவில் 11-ஆவது இடம். லீக்கின் சிறந்த மேனேஜர் விருதும் அவருக்குத்தான். அணியை லீக்கில் தக்கவைத்ததற்கு 2 மில்லியன் போனஸ், ஆனால் ஆகஸ்ட் 31 வரை வேலையில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவர் அதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, புது சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது விலகினார். விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போய், கிளப்புக்கு 3.7 மில்லியனுக்கும் மேல் அவர் தரவேண்டும் என்று முடிந்தது. 2016-இல் உயர் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அணியைக் காப்பாற்றிய மனிதரும் காப்பாற்றப்பட்ட கிளப்பும் கடைசியில் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். பணத்தை வைத்து மட்டும் கட்டிய உறவு பணத்திலேயே உடைந்தது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் அதுதான்.

உனாய் எமரியைப் பாருங்கள். 2021 அக்டோபரில் சவூதிப் பணம் நியூகாசிலை வாங்கியது. உலகத்திலேயே பணக்கார உரிமையாளர்கள் என்று எல்லோரும் பேசினார்கள். அணியோ லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லாமல் கிடந்தது. நவம்பரில், ஸ்பெயினின் வியாரியல் கிளப்பில் மேனேஜராக இருந்த எமரியை அழைத்தார்கள். பேச்சு நடப்பது அவருடைய சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் போட்டி) ஆட்டம் நடந்த அன்றே வெளியே கசிந்துவிட்டது. மறுநாள் அவர் "இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். இங்கே எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அப்போது கிளப்பில் வீரர்களைத் தேர்வு செய்யும் ஸ்போர்ட்டிங் டைரக்டர்கூட இல்லை. எல்லாம் புதிது, எதற்கும் இன்னும் உருவம் வரவில்லை.

அதே எமரி ஒரு வருடம் கழித்து, 2022 அக்டோபரில், ஆஸ்டன் வில்லாவுக்குச் சம்மதித்தார். வில்லாவும் அப்போது கடைசி மூன்று இடங்களை ஒட்டித்தான் இருந்தது. வியாரியல் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகையைக் கட்டி அழைத்துவந்தார்கள். அந்த சீசனில் 7-ஆவது இடம், அடுத்த சீசனில் 4-ஆவது, அதன்பின் சாம்பியன்ஸ் லீக். முக்கியமாக, அவருக்குக் கிளப்பின் கால்பந்து விஷயங்களில் பரந்த அதிகாரம் கொடுத்தார்கள். ஸ்பெயினின் செவில்லா கிளப்பில் அவரோடு ஸ்போர்ட்டிங் டைரக்டராக வேலை செய்த மோன்ச்சியே 2023-இல் வில்லாவுக்கு வந்தார். பணம் இரண்டு இடத்திலும் இருந்தது. யார் முடிவெடுப்பது என்பதில் வில்லாவிடம் அவருக்குத் தெளிவான பதில் இருந்தது.

ரஃபேல் பெனிடெஸ் கதை எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கம். 2016 மார்ச்சில் பத்து ஆட்டம் மீதி இருக்கும்போது வந்தார். காப்பாற்ற முடியவில்லை, இறங்கிவிட்டோம். இறங்கினால் விலகிக்கொள்ளலாம் என்று அவர் ஒப்பந்தத்தில் வழி இருந்தது. சாம்பியன்ஸ் லீக் வென்ற மேனேஜர், இரண்டாம் நிலை லீக்கில் ஏன் இருக்கவேண்டும்? கடைசி ஆட்டத்தில் டாட்டன்ஹாமை 5-1 என்று வென்றோம். ஏற்கெனவே இறங்கிவிட்ட ஒரு அணியின் மைதானம் முழுக்க, ஆட்டம் முடியும்வரை, "இருங்கள் ரஃபா" என்ற ஒரே வேண்டுதலாக அவர் பெயரைப் பாடியது. பத்து நாளில் புது ஒப்பந்தம் போட்டார். அடுத்த வருடமே சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பிடித்து மேலே வந்தோம். ரசிகர்களின் பாட்டு மட்டுமே அவரைப் பிடித்து வைத்தது என்று சொல்லமாட்டேன், கிளப்பை நடத்துவதில் தன் பேச்சு எடுபடும் என்ற உறுதியும் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் அந்த நாள் இல்லாமல் அவர் தங்கியிருப்பார் என்று இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பமாட்டேன்.

மேனேஜர் தனியாக வருவதில்லை என்பதையும் மறக்காதீர்கள். உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், ஆட்டத்தை அலசிச் சொல்பவர் என்று ஒரு சின்னக் கூட்டமே கூட வரும். அவர்களுக்கும் ஒப்பந்தம் வேண்டும். வேறு கிளப்பில் வேலையில் இருப்பவர் என்றால் அந்தக் கிளப்புக்கும் இழப்பீடு. 2022 செப்டம்பரில் கிரஹாம் பாட்டரையும் அவர் ஆட்களையும் எடுக்க செல்சி பிரைட்டனுக்கு 20 மில்லியனுக்கு மேல் கொடுத்தது. சின்ன கிளப்பால் இது முடியாது, அதனால் வேலையில்லாமல் இருப்பவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது. வெளிநாட்டவர் என்றால் இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் ஒப்புதலும் விசாவும் வேண்டும். 2024 நவம்பரில் ரூபன் அமோரிம்கூட மான்செஸ்டருக்கு வந்த பிறகு வேலை அனுமதிக்காகக் காத்திருந்தார். பள்ளி வருடத்தின் நடுவில் பிள்ளைகளைக் கொண்டுவர முடியாமல் தனியே தங்குபவர்களும் உண்டு. அந்தத் தவிப்பை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

காலமும் ஒரு சிக்கல். வீரர்களைக் கோடையிலும் ஜனவரியிலும்தான் வாங்க முடியும், மேனேஜரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிப்ரவரிக்குப் பிறகு வருபவர் இருக்கும் வீரர்களை வைத்துத்தான் ஓட்டவேண்டும். அதனால்தான் தடுப்பாட்டத்தைச் சீராக்கத் தெரிந்த அதே சில பெயர்கள் ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் அடிபடுகின்றன. அதோடு ஒரு கிளப் எவ்வளவு நஷ்டம் காட்டலாம் என்று லீக் வைத்திருக்கும் வரம்பு வேறு. பல வருடங்களாக அது மூன்று வருடத்துக்கு 105 மில்லியன் என்று இருந்தது. எவர்ட்டன் அதை மீறியதற்காக 2023-24 சீசனில் இரண்டு முறை புள்ளிகளை இழந்தது. நல்ல மேனேஜர் தன் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்: வாங்குவதற்குப் பணம் இருக்கிறதா, இருந்தாலும் செலவழிக்க அனுமதி இருக்கிறதா?

பெரிய பெயர்தான் வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் பக்கத்து ஊர் சண்டர்லேண்ட் 2017, 2018 என்று அடுத்தடுத்து இறங்கி, மூன்றாம் நிலை லீக்கில் நான்கு சீசன் கிடந்தது. 2024 கோடையில் ரெஜிஸ் லெ பிரிஸை எடுத்தார்கள். அப்போதுதான் பிரான்சில் லோரியாங் அணியோடு கீழே இறங்கியிருந்தவர். இளம் வீரர்களை வளர்ப்பதில் பழக்கம் உள்ளவர் என்பதால், இளைஞர்களை நம்பியிருந்த கிளப்புக்குப் பொருந்தினார். 2025 மே மாதம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்கு வந்தார்கள். போட்டி ஊர்தான், ஆனாலும் அந்த நியமனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

பதற்றத்தில் பெரிய பெயருக்குப் பெரும் சம்பளம் கொடுத்து நீண்ட ஒப்பந்தம் போடும் கிளப் மீது எனக்குக் கோபமே வரும். அது தவறினால் மேனேஜர் இழப்பீட்டோடு போய்விடுவார். கிளப் இறங்கிய பிறகு ஆட்குறைப்பு என்று வந்தால் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், அலுவலகத்தில் இருப்பவர், சமையலறையில் இருப்பவர் என்று சாதாரணச் சம்பளக்காரர்களுக்குத்தான் வேலை போகும். உங்கள் சக ஊழியர்களில் யாருக்காவது அங்கே வேலை செய்யும் சொந்தக்காரர் இருக்கலாம். அதனால் அணி தோற்ற மறுநாள் விளையாட்டாகக்கூட கிண்டல் செய்யாதீர்கள்.

பேச்சில் கலந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கிளப்பின் ஆண்டுக் கணக்கை, நிறுவனங்களின் அரசுப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மேனேஜர் சம்பளம் பெரும்பாலும் தனியாக இருக்காது, அதனால் பத்திரிகைத் தொகைகளை மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சம்பளச் செலவு, நஷ்டம், சில சமயம் மேனேஜரை நீக்கிய செலவு, எல்லாம் அதில் தெரியும். "நம் கிளப்பில் வீரர்களை யார் தேர்வு செய்கிறார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தேநீர் இடைவேளை முழுக்க அவர்களே பேசுவார்கள்.

புது மேனேஜர் அறிவிப்பு வரும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம். அவருடைய சொந்த உதவியாளர்கள் கூட வந்திருக்கிறார்களா. முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் ஜனவரியில் ஆட்களை வாங்குவது பற்றிக் கேட்டால் அவரே பதில் சொல்கிறாரா, இல்லை கிளப்பைக் கேளுங்கள் என்கிறாரா. என்ன பார்த்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள் தம்பி.