பலகை ஒன்று சொல்ல, சாலை வேறு சொன்னால்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சாலை விபத்துகளைப் பற்றி எழுதியபோது எச்சரிக்கைப் பலகைகளைக் குறித்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியவை. நெடுஞ்சாலைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்கும் நிறைய இருக்கிறது. ஐந்து கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாள்களில் எங்கள் வீட்டு கேட்டை மறித்துக் காரை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். 'நோ பார்க்கிங்' என்று இரண்டு பலகைகள் வைத்தோம். 'மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்றும் எழுதிப் பார்த்தோம். ஒருவரும் மதிப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் என் மாமனாரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. என்ன எழுதினால் கேட்பார்கள்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவின்படி, சாலையில் போக்குவரத்துச் சின்னங்களை வைக்கும் அதிகாரம் அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்த அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு. நாமே எழுதிச் சாலையோரம் நட்டுவைக்கும் 'நோ பார்க்கிங்' பலகைக்கு அந்தத் தகுதி கிடையாது. அனுமதியின்றி வைத்த இத்தகைய பலகைகளையும், வீட்டுக்கு முன்னால் இடம் பிடிக்கப் போடும் தடுப்புகளையும் அகற்றச் சொல்லி 2024-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறையே அறிவிப்பு வெளியிட்டது. ஆனால், ஒரு வீட்டின் வாசலை மறித்து வண்டியை நிறுத்துவது பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறுதான். ஆகவே அவசர நேரத்தில் காவல்துறையை அழைக்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

இனி, ஏன் ஒருவரும் மதிப்பதில்லை என்பதற்கு வருகிறேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர் அந்தத் தெருவில் கண்ட ஒவ்வொரு கேட்டிலும் 'நோ பார்க்கிங்' என்று படித்துக்கொண்டேதான் வருகிறார். எல்லா வாசலிலும் ஒரே சொல் இருந்தால் அது எந்த வாசலையும் காப்பதில்லை. காற்றைப் பிடுங்குவோம் என்ற மிரட்டலையும் யாரும் நம்புவதில்லை. நம்பினாலும் அது கோபத்தைத்தான் வளர்க்கும். எல்லாவற்றையும் விட, 'இங்கே நிறுத்தாதே' என்று சொல்லும் பலகை, 'பின் எங்கே நிறுத்துவது?' என்ற அவருடைய கேள்விக்கு விடை சொல்வதில்லை.

கும்பகோணத்தில் ஒரு குறுகலான தெருவில் நான் கண்ட வீட்டைச் சொல்கிறேன். கேட்டின் இரும்புக் கம்பியில், காரில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு, ஒரு சிறிய தகரப் பலகை. மஞ்சள் தளத்தில் கறுப்பு எழுத்தில் இரண்டே வரிகள்: 'நோயாளியை அழைத்துச் செல்லும் வழி.' அதன் கீழே ஓர் அம்புக்குறி. 'இருபது அடி தள்ளி இடம் இருக்கிறது.' எதிர்த் திண்ணையில் நான் அமர்ந்திருந்த நேரத்தில் ஒரு கார் அந்த வாசலில் வந்து நின்றது. ஓட்டியவர் கதவைத் திறந்தார், பலகையைப் பார்த்தார், மீண்டும் கதவைச் சாத்திக்கொண்டு அம்புக்குறி காட்டிய பக்கம் வண்டியை நகர்த்தினார். அங்கே உண்மையாகவே இடம் இருந்தது. இல்லாத இடத்தைக் காட்டியிருந்தால் அடுத்த முறை அந்தப் பலகையை அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

உங்கள் கேட்டிலும் அப்படி ஒன்றை மாட்டுங்கள். சாலையில் நடாமல் உங்கள் கேட்டிலேயே மாட்டுங்கள். வட்டம், சிவப்புக் கோடு என்று அரசுச் சின்னத்தைப் போல வரைய வேண்டாம். அதைவிட முக்கியம், மண்டபத்து மேலாளரைப் பார்த்துப் பேசுவது. வண்டிகளைத் திருப்ப வேண்டிய இடம் உங்கள் வாசல் அன்று, தெருவுக்குள் நுழையும் முனைதான். 'கல்யாண மண்டப வாகன நிறுத்தம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அம்புக்குறியும் தொலைவும் காட்டி, அந்த முனையில் அனுமதி பெற்று ஒரு பலகை வைத்து, முகூர்த்த நாளில் அதன் அருகே ஒரு காவலாளியையும் நிற்க வைத்தால், உங்கள் வாசல் வரை வருகிற கார்களே குறைந்துவிடும். வாடகைக்கு விடும் மண்டபத்துக்கு இது பெரிய செலவன்று. கேட்டால் செய்வார்கள் என்றே நம்புகிறேன். செய்யாவிட்டால் மாநகராட்சியில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

கேள்வி: நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்ட பலகையும், இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் போட்ட பலகையும் ஒன்றுதானா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஒன்றல்ல. ஒற்றைக் கோடு, வண்டியை அங்கே நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொல்கிறது. பெருக்கல் குறி, ஆளை இறக்கிவிடும் நேரத்துக்குக்கூட அங்கே நிற்கக் கூடாது என்று சொல்கிறது. பாலத்தின் மேல், சிக்னலுக்குச் சற்று முன்னால் போன்ற இடங்களுக்கு உரியது இரண்டாவது சின்னம். இந்த வேறுபாடு ஓட்டுநர் உரிமத் தேர்வோடு பலருக்கும் மறந்துபோகிறது. பலகை வைக்கிறவர்களும் கையில் கிடைத்ததை வைத்துவிடுவதால் நினைவில் நிற்கவும் வழியில்லாமல் போகிறது. தடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அம்புக்குறியோடு காட்டாத பலகையும் அரைகுறையானதே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரை அபராதம் உண்டு. அவ்வளவு தொகையைக் கேட்கும்போது தடையின் எல்லையைத் தெளிவாகக் காட்டுவது அரசின் கடமை.

கேள்வி: எங்கள் ஊருக்கு வரும் மாநில நெடுஞ்சாலையில் வேகத்தடைக்குப் பக்கத்திலேயே 'வேகத்தடை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதையும் புளியமரக் கிளை மறைக்கிறது. போன மாதம் இரவில் என் தம்பி பைக்கோடு தூக்கி எறியப்பட்டுக் கையை முறித்துக்கொண்டான். 'பலகை இருக்கிறதே, நீங்கள்தான் பார்க்கவில்லை' என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இது நியாயமா?
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: நியாயமே அன்று. உங்கள் தம்பி விரைவில் குணமடைய வேண்டும். அலுவலகத்தில் சொன்ன அந்தப் பதிலை என் பணிக்காலத்தில் நானும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வலித்திருக்கிறது. பலகை நட்டாயிற்று என்று கணக்கில் எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஓட்டி வருகிறவர் அதைக் கண்டு, புரிந்துகொண்டு, வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. ஓர் ஆபத்தைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு இரண்டரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டுதான் நம் நாட்டில் சாலைகளை வடிவமைக்கிறோம். அந்த இரண்டரை விநாடியிலேயே வண்டி 55 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் கழகத்தின் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) அளவுப்படி, 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பாதுகாப்பாக நிற்க 120 மீட்டர் வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலே 60 மீட்டர் வேண்டும். வேகத்தடைக்குப் பத்து மீட்டர் முன்னால் நிற்கும் பலகையை 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடிக்குள் கடந்துவிடுவோம். பக்கத்திலேயே நடப்பட்ட பலகை, விழுந்தவருக்கு எதனால் விழுந்தோம் என்று தெரிவிக்க மட்டுமே உதவும்.

இரவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இன்னும் முக்கியமானது. சாலைச் சின்னங்களில் ஒட்டப்படும் தாள், முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தன்மை உடையது. அது மங்கிவிட்டாலோ, தூசி படிந்துவிட்டாலோ, சாதாரணப் பெயின்டால் எழுதிய பலகையாக இருந்தாலோ, பகலில் பளிச்சென்று தெரிவது இரவில் கறுப்புத் தகரமாகிவிடும். அதனால் பலகையைச் சரிபார்க்கப் போகிறவர்கள் இருட்டிய பிறகு ஒரு முறையாவது வண்டியில் அந்தச் சாலை வழியே வர வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. ஒரு முறை நாங்கள் அப்படிப் போனபோது, பகலில் குறிப்பேட்டில் 'நன்று' என்று எழுதிய ஒரு வளைவுப் பலகை எங்கள் ஜீப்பின் விளக்கில் தென்படவே இல்லை. அது இருக்கும் இடம் தெரிந்திருந்தும், இறங்கி டார்ச் அடித்துத்தான் கண்டுபிடித்தோம்.

வேகத்தடையின் மேலேயே வெள்ளைப் பட்டைகள் தெளிவாகத் தீட்டப்பட வேண்டும். சாலைக்குப் புது அடுக்குப் போட்ட மறுநாளே அவை மீண்டும் வரையப்பட வேண்டும். கிளையை வெட்டுவதும் கண்ணை மறைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரை அகற்றுவதும் சட்டப்படியே செய்யக்கூடியவை. ஒரு போக்குவரத்துச் சின்னத்தை மறைக்கும் விளம்பரத்தையும், அந்தச் சின்னத்தைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றும் விளம்பரத்தையும் அகற்ற, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கு அதிகாரம் அளிக்க மேலே சொன்ன 116-ஆம் பிரிவே இடம் தருகிறது.

கேள்வி: நம் ஊர்ப் பலகைகளில் ஏன் தமிழில் எழுதாமல் படமாகப் போடுகிறார்கள்? தமிழில் எழுதினால் எல்லோருக்கும் புரியுமே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: தமிழ்மீது உங்களுக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. ஆனால் எச்சரிக்கைக்கும் தடைக்கும் படமே சிறந்தது. 'வாகனங்களை நிறுத்தக் கூடாது' என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நேரத்தில் வண்டி கடந்துவிடும். படத்தைப் பார்த்த நொடியில் பொருள் விளங்கிவிடும். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல் என்று வடிவமே பாதிச் செய்தியைச் சொல்கிறது. 'நில்' என்று சொல்லும் எட்டு மூலைப் பலகையும் 'வழிவிடு' என்று சொல்லும் தலைகீழ் முக்கோணமும் பின்பக்கத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவற்றுக்கு மட்டும் தனி வடிவம். மேலும், லாரி, பேருந்து ஓட்டுநர்கள் எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. எழுத்தறியாத ஒருவரும் இன்று முறையான உரிமத்தோடு கனரக வாகனம் ஓட்டலாம். வடமாநிலத்திலிருந்து நம் துறைமுகங்களுக்கு வரும் ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து தேவைப்படுவது ஊர்ப் பெயர்களுக்கு. அங்கே தமிழ் பெரியதாகவும் முதலாவதாகவும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2017-இல் தமிழகத்தின் சில தேசிய நெடுஞ்சாலைகளில் மைல்கற்களில் இருந்த ஆங்கிலத்தை மாற்றி இந்தியில் எழுதியபோது எழுந்த எதிர்ப்பு, அந்தச் சாலையில் நாள்தோறும் போகிறவர்களைக் கேட்காமல் எழுதியதால் வந்தது.

கேள்வி: 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று எங்கு பார்த்தாலும் பலகை. இதனால் பயன் உண்டா? பயனில்லை என்றால் சாதாரணக் குடிமகன் யாரிடம் சொல்வது?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: பொள்ளாச்சிக்காரரான உங்களுக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று எண் போட்ட பலகை நிற்கிறது. கொல்லிமலையில் 70 வளைவுகளுக்கும் அவ்வாறே. அந்த எண் ஓட்டுநரிடம் இன்னும் எத்தனை வளைவு பாக்கி என்று சொல்கிறது. வண்டி பழுதானால் 'ஒன்பதாவது வளைவில் நிற்கிறேன்' என்று சொன்னால் போதும், தேடி வருகிறவர் நேராக வந்துவிடுவார். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் தாழ்ந்த கியரில் இறங்கும்படி பலகைகள் சொல்கின்றன. இடக்காலும் இடக்கையும் உடனே செய்ய வேண்டிய வேலை அது.

'விபத்துப் பகுதி' என்ற பலகையில் அப்படி எதுவும் இல்லை. மெதுவாக என்றால் எந்த வேகம்? விபத்து எதனால் நடக்கிறது: பக்கச் சாலையிலிருந்து டிராக்டர் ஏறுவதாலா, வளைவு திடீரென்று இறுகுவதாலா, மாடுகள் குறுக்கே வருவதாலா? காரணத்தைக் கண்டு, பக்கச் சாலைக்கு உரிய முக்கோணத்தையோ, வளைவின் வெளிவிளிம்பில் வரிசையாக அம்புப் பட்டைகளையோ வைத்தால் அந்தப் பொதுப் பலகைக்குத் தேவையே இராது. பல இடங்களில் சாலையைத் திருத்துவதற்கு மாற்றாக அந்தப் பலகை நிற்கிறது என்பதுதான் என் வருத்தம். அகலமாக, நேராக, வழுவழுப்பாகப் போடப்பட்ட சாலை 'வேகமாகப் போ' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் ஒரு தகரம் 'மெதுவாகப் போ' என்றால் ஓட்டுநர் சாலையின் பேச்சைத்தான் கேட்பார்.

யாரிடம் சொல்வது என்று கேட்டீர்கள். அருகிலுள்ள மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. 1033 என்ற எண்ணில் அழைத்துச் சொல்லலாம். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். புதுக்கோட்டை வாசகரும் இதையே செய்யலாம். கல்லில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும்போது என்பதையும் குறித்து, ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரிகிறபடி, ஓட்டாமல் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக எடுத்த இரண்டு படங்களைக் கடிதத்தோடு இணையுங்கள். இரவுப் படத்தில் பலகை தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே அனுப்புங்கள்.