மருத்துவக் கப்பலில் குழந்தைகள் நர்ஸாகத் தொண்டு செய்யப் போனால் என்ன வேலை இருக்கும்? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது. 1978-ல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பான மெர்சி ஷிப்ஸில் டாக்டர், நர்ஸ் உட்படத் தொண்டர்கள் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே பணம் கட்டுகிறார்கள். பலருக்கு அவர்களின் சபையும் நண்பர்களும் கைகொடுக்கிறார்கள். நோயாளிகளுக்கு எந்த மதமானாலும் ஆபரேஷன் இலவசம்.

கப்பல் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நிற்கும். தீக்காயத்தில் இறுகிப்போன கை, வளைந்த கால், கட்டி என்று பிள்ளைகள் வருவார்கள். என் மனதை உலுக்குவது உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளவுபட்டுப் பிறந்த கைக்குழந்தைகள்தான். அவர்களால் பாலை உறிஞ்ச முடியாது. குடித்ததும் மூக்கு வழியே வந்துவிடும். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் பிள்ளைக்கு உடனே மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. பிளந்த உதட்டைத் தைக்க 10 வார வயது, சுமார் 4.5 கிலோ எடை, ஹீமோகுளோபின் 10 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அந்த எடையை எட்டும்வரை நர்ஸின் வேலை பாலூட்டுவதுதான். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, சிறு கிண்ணத்திலோ சிரிஞ்சிலோ சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. அம்மாவுக்கும் பொறுமையாக இதைப் பழக்கிவிட வேண்டும். தராசில் ஐம்பது கிராம் கூடினாலும் அன்று வார்டுக்கே திருவிழா.

அம்மா தூங்குவது பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் விரித்த மெத்தையில். பேச்சுக்கு உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் கூடவே இருப்பார். போக நினைத்தால், முதலில் இங்கேயே குழந்தைகள் வார்டில் நன்றாகக் கைப்பழக்கம் பெறுங்கள்.