வாசகர் கேள்வி பதில்: குளறுற பம்பும் விழுகிற பிரேக்கரும்

கேள்வி: அண்ணை, அஜாக்ஸில நாங்கள் வாங்கின வீட்டோட பேக்யார்டில ஒரு பழைய ஹொட் டப்பும் (சுடுதண்ணித் தொட்டி) வந்தது. தண்ணி மாத்தினதில இருந்து பம்ப் ஒரே குளறல், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிறார். இப்ப ஓன் பண்ணிக் கொஞ்ச நேரத்தில பிரேக்கரும் விழுது. வந்து பாத்த ரெக்னீசியன் முழுப் பம்பையும் மாத்தச் சொல்றார். மாத்தத்தான் வேணுமோ?

பதில்: பொறுங்கோ, பம்புக்கு இப்ப காசு குடுக்காதேங்கோ. சத்தம் ஒரு பிரச்சினை, பிரேக்கர் விழுறது இன்னொரு பிரச்சினை எண்டுதான் எனக்குப் படுது, ரெண்டையும் ஒண்டாக் கட்டினால்தான் முழுப் பம்பையும் மாத்து எண்ட கதை வரும்.

என்ன மாதிரிக் குளறுது எண்டு நீங்கள் எழுதேல்ல. ஜெட்டால (தண்ணி பீச்சுற வாய்) தண்ணி ஒழுங்கா வராமல் பம்ப் மட்டும் சும்மா சுத்துற மாதிரிக் கேட்டால், பைப்புக்குள்ள காத்து அடைச்சு நிக்குது, ஹோசைச் சும்மா தொட்டிக்குள்ள எறிஞ்சுபோட்டு நிரப்பினால் வாற வில்லங்கம் இது. இனி நிரப்பேக்க பில்டரைக் கழட்டி அந்த ஓட்டைக்குள்ள ஹோசைச் செருகுங்கோ. இப்பத்தைக்கு, கரண்டை முழுசா நிப்பாட்டிப்போட்டு பம்புக்கு மேல பைப்பைப் பூட்டியிருக்கிற பெரிய யூனியன் நட்டைக் கொஞ்சமா இளக்குங்கோ, ஸ்ஸ் எண்டு காத்துப் போய்த் தண்ணி கசியத் தொடங்கின உடன திருப்பி இறுக்குங்கோ. அப்பிடியும் சரிவரேல்ல எண்டால் பில்டர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட விடுங்கோ, சத்தம் நிண்டால் பில்டர்தான் ஊத்தை.

இரும்போட இரும்பு உரஞ்சிற கீச்சுச் சத்தம் எண்டால் அது பெயரிங், மோட்டர்த் தண்டு சுத்துறதுக்குத் தாங்கிற குண்டு வளையம். பம்பின்ர பிளாஸ்டிக் பாகமும் மோட்டரும் சேருற இடத்துக்குக் கீழ டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, வெள்ளையாச் சுண்ணாம்பு படிஞ்ச கோடு இருந்தால் ஷாஃப்ட் சீல் (தண்டைச் சுத்தித் தண்ணியைத் தடுக்கிற வளையம்) கனநாளா ஒழுகுது, அந்தத் தண்ணிதான் பெயரிங்கைத் திண்டிருக்கு. பெயரிங் பெரும்பாலும் 6203 எண்ட சைஸ், விலையும் பெருசில்லை, ஆனால் சீலை மாத்தாமல் பெயரிங்கை மட்டும் மாத்தினால் திருப்பியும் குளறும். உறுமிக்கொண்டு சுத்தாமல் நிண்டால் மோட்டரைச் சுத்த வைக்கிற கப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கோ, கரண்டை நிப்பாட்டின கையோட அதைத் தொடாதேங்கோ, உள்ளுக்குள்ள கரண்டைப் பிடிச்சு வச்சிருக்கும்.

இனி பிரேக்கர். எப்ப எப்ப விழுது எண்டு ஒரு துண்டில எழுதி வையுங்கோ. பம்ப் ஓடத் தொடங்கி, ஹீட் லைட் பத்தின பிறகு விழுந்தால் ஹீட்டர். ஜெட் பட்டனை அமத்தேக்க விழுந்தால் பம்ப். மழைக்கு மட்டும் விழுந்தால் எங்கயோ ஈரம், இல்லாட்டி எலி வயரைக் கடிச்சிருக்கும், குளிருக்க எலிக்கு இதைவிட நல்ல வீடு இஞ்ச கிடையாது. புதுசா வயர் பண்ணின டப் முதல் நாளே விழுந்தால் நியூட்ரலைப் பாருங்கோ, டப்பில இருந்து வாற வெள்ளை வயர்தான் அது, ஜிஎப்சிஐ பிரேக்கருக்கு (கரண்ட் கொஞ்சம் ஒழுகினாலே விழுற பிரேக்கர்) அது போக வேணும், பெட்டிக்குள்ள வெள்ளை வயரெல்லாம் சேருற நியூட்ரல் பாருக்கு இல்லை.

உங்கட கதை ஹீட்டர் மாதிரித்தான் கிடக்கு. ஹீட்டருக்குள்ள இருக்கிற எலிமென்ட் எண்டது நடுவில சூடாகிற கம்பி, வெளியில உலோகக் குழாய், இடையில மக்னீசியம் ஒக்சைட் தூள். தண்ணியின்ர பிஎச் கனநாள் குறைஞ்சு, தண்ணி அமிலமாக் கிடந்தால் குழாயை அரிச்சு ஊசிமுனை அளவில ஓட்டை விழும், ஈரம் அந்தத் தூளுக்குள்ள இறங்கும், கரண்ட் தண்ணிக்குள்ள ஒழுகத் தொடங்கும். பிரேக்கரை ஓஃப் பண்ணி, மீட்டர் வச்சுக் கரண்ட் இல்லை எண்டு பாத்துப்போட்டு, எலிமென்டுக்குப் போற ரெண்டு வயரையும், ஒண்டை மட்டும் இல்லை, ரெண்டையும் கழட்டி முனையளை வடிவா டேப் சுத்தி மூடி, திருப்பி ஓட விடுங்கோ. விழேல்ல எண்டால் ஆள் பிடிபட்டார். ஓம் மீட்டரில 240 வோல்ட் 5.5 கிலோவாட் எலிமென்ட் 10 ஓம் சொச்சம் காட்டும், 4 கிலோவாட் எண்டால் 14 கிட்ட, அது சரியா இருக்கு எண்டு சந்தோசப்படாதேங்கோ, முனைக்கும் வெளி உலோகத்துக்கும் இடையிலயும் பாக்க வேணும், அங்க தொடர்பே இருக்கக் கூடாது. கன பேர் கோட்டை விடுறது இதிலதான். ஹீட்டர் நல்லது எண்டால் அடுத்தது தண்ணியைச் சுத்தமாக்க ஓசோன் விடுற ஓசோனேட்டர், தண்ணி திரும்பி வராமல் தடுக்கிற செக் வால்வு பழுதாகித் தண்ணி பின்னால ஏறியிருக்கும். பேந்து குமிழிக்குக் காத்து ஊதுற புளோவர், கடைசியாத்தான் பம்ப்.

கேள்வி: எங்கட 50 அம்ப் ஜிஎப்சிஐ அடிக்கடி விழுது. சாதாரண பிரேக்கரைப் போட்டால் அலுப்பு முடிஞ்சுது எண்டு மச்சான் சொல்றார். செய்யலாமோ? (மார்க்கம் வாசகி)

பதில்: மச்சானுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ தங்கச்சி. ஊரில வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லிஅம்பியரில விழுறது, இது 5 கிட்டயே விழும், நனைஞ்ச உடம்போட தண்ணிக்குள்ள இருக்கிற ஆக்களுக்காகச் செய்தது. சாதாரண 50 அம்ப் பிரேக்கருக்கு உள்ளுக்கு ஒரு பிள்ளை துடிச்சாலும் தெரியாது. ஜிஎப்சிஐயும் பழுதாகும்தான், டப்புக்குப் போற வயரெல்லாம் கழட்டின பிறகும் விழுந்தால் மாத்துங்கோ, ஆனால் திருப்பியும் ஜிஎப்சிஐதான். லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் செய்யட்டும், ஒன்ராறியோவில இப்படி வேலைக்கு ஈஎஸ்ஏக்கும் (மின் பாதுகாப்பு அமைப்பு) அறிவிக்க வேணும்.

கேள்வி: மைனஸ் 15ல இப்பிடி விழுந்து, பார்ட் வரக் கனநாள் எடுத்தால்? (விற்பி வாசகர்)

பதில்: தொட்டித் தண்ணி கொஞ்சம் தாங்கும், முதல் உறையிறது பம்புக்குள்ளயும் மெல்லிய பைப்புக்குள்ளயும் நிக்கிற தண்ணி. பிழை ஹீட்டரில மட்டும் எண்டால் அதின்ர ரெண்டு வயரையும் முதல் சொன்ன மாதிரிக் கழட்டி மூடிப்போட்டுப் பம்பை ஓட விடுங்கோ, மூடியைத் திறக்காதேங்கோ, ஓடுற தண்ணி லேசில உறையாது. பம்பும் ஓடேல்ல எண்டால் யோசிக்காமல் அண்டைக்கே தண்ணியை இறக்கி, யூனியன் நட்டுகளை இளக்கி, பம்பின்ர அடி மூடியைக் கழட்டி, ஜெட் ஒவ்வொண்டிலயும் தண்ணி உறிஞ்சிற வெட் வாக்குவம் பிடிச்சு மிச்சத்தை உறிஞ்சி எடுங்கோ.