பச்சையப்பர் கட்டாத பச்சையப்பர் மண்டபம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னை பாரிமுனைக்கு அருகே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில், பெரிய பெரிய தூண்களுடன் அயல்நாட்டுக் கோயில் போலத் தோன்றும் பழைய கட்டிடம் ஒன்றைக் கண்டேன். பச்சையப்பர் மண்டபம் என்றார்கள். பள்ளிக்காக எழுந்த கட்டிடம் என்றும் சொன்னார்கள். வள்ளல் பச்சையப்பரே அதைக் கட்டிக்கொடுத்தாரா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. அந்த மண்டபத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பச்சையப்பர் மறைந்தது 1794ஆம் ஆண்டில். மண்டபம் திறக்கப்பட்டது 1850ஆம் ஆண்டில். இடையில் ஐம்பத்தாறு ஆண்டுகள் உள்ளன. அந்தக் கட்டிடத்தின் உண்மையான வரலாறு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு, தந்தை இறந்த பின்னர், பெரியபாளையத்தில் பிறந்தார். ஆங்கிலேயருக்கும் நம் நாட்டவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்தவர்களை அக்காலத்தில் துபாஷி என்று அழைத்தார்கள். பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் வளர்ந்த பச்சையப்பர், இளமையிலேயே அதே தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். நாற்பது வயதில் நோயுற்றபோது உயில் எழுதிவைத்து, சில நாட்களிலேயே திருவையாற்றில் காலமானார். அந்த உயில் முதன்மையாகப் பேசுவது கோயில் அறங்களைப் பற்றித்தான். தம் பெயரில் ஒரு பள்ளி எழவேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற கட்டளை அன்று.

அதன் பிறகு, பெருஞ்சொத்து உள்ள இடங்களில் வழக்கமாக நடப்பதே இங்கும் நடந்தது. உறவினர்களும் பொறுப்பாளர்களும் நீதிமன்றப் படியேறினார்கள். அறங்கள் நடைபெறாமல் நின்றன. பணம் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது. சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இந்த அறப்பணம் வீணாகாமல் காக்கப்படவேண்டும் என்று விடாமல் முயன்றார். இறுதியில் நீதிமன்றம் வகுத்த ஏற்பாட்டின்படி, உயிலில் கண்ட கோயில் அறங்களுக்கு வேண்டியது ஒதுக்கப்பட்டது. மிஞ்சிய தொகை கல்விக்கு என்று ஆயிற்று. சென்னைப் பெருமக்களைக் கொண்ட அறங்காவலர் குழு அமைந்து, 1842இல் பிராட்வேயில் ஒரு வாடகை இடத்தில் பள்ளியைத் தொடங்கியது. அதற்குச் சொந்த இடமாக எழுந்ததே நீங்கள் கண்ட மண்டபம். 1846இல் அடிக்கல் நாட்டியவர் நார்ட்டன். 1850இல் திறந்துவைத்தவர் அன்றைய ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சர். ஏதென்ஸ் நகரில் உள்ள தீசியஸ் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு எழுப்பியதால்தான் அது உங்களுக்கு அயல்நாட்டுக் கோயிலாகத் தோன்றியது. கோயில்களுக்காகப் பணத்தை விட்டுச்சென்றவரின் பெயரில் எழுந்த பள்ளிக்கூடம் கிரேக்கக் கோயிலின் உருவத்தில் அமைந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அவர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஆகவே, பொருள் பச்சையப்பருடையது; அதைப் பள்ளியாக மாற்றிய முயற்சி மற்றவர்களுடையது. பெயரைப் பொருள் கொடுத்தவருக்கே விட்டுவிட்டு ஒதுங்கி நின்ற அந்த முதல் அறங்காவலர்களையும் நான் வள்ளல்களாகவே கருதுகிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பள்ளி பின்னர் வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று; அக்கல்லூரியில் 1947 வரையில் இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. வள்ளலின் பெயர் வாசலில் இருந்ததனாலேயே வாசல் எல்லாருக்கும் திறந்திருந்ததாகக் கொள்ளக்கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு உறவினர் ஒருவர் நிலம் கொடுத்து, இரண்டு வகுப்பறைகளையும் கட்டித்தர முன்வந்திருக்கிறார். கட்டிடத்துக்குத் தம் தந்தையாரின் பெயரைச் சாதிப் பட்டத்தோடு சூட்டவேண்டும் என்று விரும்புகிறார். ஊரில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில் நிலத்தைக் கவனியுங்கள், பெயர் பிறகு. வாய்மொழியாகக் கொடுத்த நிலம் அடுத்த தலைமுறையில் வழக்காக மாறுவதைப் பல ஊர்களில் காணலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, நிலத்தைத் தானமாகக் கொடுப்பதற்குப் பதிவு செய்த தானப் பத்திரம் வேண்டும்; அதில் கொடுப்பவரின் கையொப்பமும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருக்கவேண்டும்; கொடுப்பவர் உயிருடன் இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும். அவ்வாறு முறையாக முடிந்த தானத்தை, மனம் மாறிவிட்டது என்ற காரணத்துக்காகத் திரும்பப் பெற முடியாது. பெயர் சூட்டுவதற்கான ஒப்புதலையும் கல்வித் துறையிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் தலையசைத்தார் என்பது போதாது. அவர் அடுத்த ஆண்டே வேறு ஊருக்கு மாறுதலாகிப் போய்விடக்கூடும்.

சாதிப் பட்டத்தைப் பொறுத்தவரை, முகம் சுளிப்பவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளின் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கவேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. உங்கள் உறவினரிடம் இதைச் சட்டமாக எடுத்துச் சொன்னால் அவருக்கு மனம் வருந்தலாம். ஆகையால் பெரியவர்களின் எடுத்துக்காட்டையே சொல்லிப் பாருங்கள். பச்சையப்ப முதலியாரின் கல்லூரி பச்சையப்பன் கல்லூரி என்றே வழங்குகிறது. கருமுத்து தியாகராசச் செட்டியார் மதுரையில் நிறுவிய கல்லூரி தியாகராசர் கல்லூரி. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று நிற்கிறது. பட்டம் இல்லாததனால் இவர்களுள் ஒருவரும் மறக்கப்பட்டுவிடவில்லை.

உங்கள் மாவட்டத்துக்காரரான வள்ளல் அழகப்பச் செட்டியாரைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அடிக்கல் நாட்ட வந்தவர் பிரதமர் நேரு. அத்தனை கொடுத்தும் அந்த ஆய்வகத்தின் பெயரில் அழகப்பரின் பெயர் இல்லை. காரைக்குடியில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், நிலம் கொடுத்தவர் யார் என்று தயங்காமல் சொல்வார்கள்.

கல்வெட்டு எழுதும்போது, தந்தையாரின் பெயர், கொடுத்த நிலத்தின் அளவு, கட்டிய அறைகளின் எண்ணிக்கை, ஆண்டு ஆகிய நான்கையும் பொறியுங்கள். திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று இருபது பெயர்களை அடுக்கி, கொடுத்தவரின் பெயரைக் கடைசி வரியில் ஒடுக்கிவிடும் கல்வெட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

கேள்வி: கட்டிடம் பழுதாகி இடிக்கப்பட்டால் வள்ளலின் பெயரும் போய்விடுமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: போகவேண்டியதில்லை. பச்சையப்பன் கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியபோது பெயரும் உடன் சென்றது. ஆனால் பழுதான கட்டிடத்தைப் பெயருக்காகக் காப்பாற்ற முனையாதீர்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் உயிரிழந்ததை மறந்துவிடக்கூடாது. இடிப்பதற்கு முன்பாகப் பழைய கல்வெட்டைப் பெயர்த்தெடுத்துப் பத்திரப்படுத்தி, புதிய கட்டிடத்தின் தாழ்வாரத்தில், குழந்தைகள் படிக்கும் உயரத்தில் பதித்துவிடுங்கள். புதிய கட்டிடத்துக்குப் பணம் தந்தவர் வேறொருவராக இருந்தால், அவருக்குத் தனிக்கல் வையுங்கள். பழைய கல்லின் மேலே வேண்டாம், பக்கத்தில் இருக்கட்டும்.